குழந்தை பிழைச்சிடுச்சு... அதுக்கு அப்புறம்? குடல் செயலிழப்போடு வளரும் பிள்ளைகளும் தூங்காத வீடுகளும்

'எழுநூறு கிராம் எடையில் பிறந்த குழந்தையைக் காப்பாற்றி டாக்டர்கள் சாதனை.' இப்படி ஒரு செய்தியை ஷேர் செய்யாதவர்கள் நம்மில் குறைவு. இன்குபேட்டர், விரல் நீளத்துக்கு ஒரு சாக்ஸ், நர்ஸ்களோடு குரூப் போட்டோ, டிஸ்சார்ஜ் அன்று கேக். செய்தி அதோடு முடிந்துவிடும். ஆனால் அப்படி வீட்டுக்குப் போகிற குழந்தைகளில் மிகச் சிலருக்கு, கதையே டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் ஆரம்பம். ஆபரேஷனில் குடலின் பெரும்பகுதியை இழந்த குழந்தைகள் அவர்கள்.

'இந்தக் குழந்தை பிழைக்குமா?' என்ற கேள்விக்கு மருத்துவம் கடந்த ஐம்பது வருடங்களில் கிட்டத்தட்ட பதில் கண்டுபிடித்துவிட்டது. நல்ல வசதியுள்ள சிறப்பு மையங்களில் இப்போது 10 பேரில் 9 பேர் பிழைக்கிறார்கள். 'எப்படி வாழும்?' என்ற இரண்டாவது கேள்வியைத்தான் நாம் ஒழுங்காகக் கேட்கவே ஆரம்பிக்கவில்லை. கேட்பதாக இருந்தால் அந்தக் குழந்தையிடமே கேட்க வேண்டும். கூடவே, அதற்காக ராத்திரி கண்விழிக்கிற ஆளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்று பார்ப்போம்.

குடல் செயலிழப்புன்னா என்ன?

கிட்னி ஃபெயிலியர் தெரியும். லிவர் ஃபெயிலியர் தெரியும். குடலும் ஃபெயில் ஆகும் என்று பலருக்குத் தெரியாது.

சாப்பிடும் சாப்பாட்டில் இருந்து சத்து ரத்தத்துக்குப் போகிற இடம் சிறுகுடல். பெரியவர்களுக்கு அது சுமார் 6 மீட்டர் நீளம். நிறைமாதக் குழந்தைக்கு சராசரியாக இரண்டரை மீட்டர். ஆறேழு மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைக்கு அதில் பாதி இருந்தால் பெரிது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குடல் வேகமாக நீளும். அந்த நேரத்தை இழந்து பிறந்த குழந்தைக்கு, இருக்கிறதிலும் ஒரு பகுதியை வெட்ட வேண்டி வந்தால்?

ஏன் வெட்ட வேண்டி வருகிறது? குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் 'நெக்ரோடைசிங் என்டிரோகொலைடிஸ்' என்ற நோயில் குடல் திசு அழுகிப்போகும். சில குழந்தைகளுக்குக் குடல் தன்னையே முறுக்கிக்கொண்டு, சில மணி நேரத்தில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். இன்னும் சிலர், வயிற்றுச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாகக் குடல் வெளியே வந்த நிலையில் பிறப்பார்கள். குடல் இடையிடையே அடைபட்டே பிறப்பதும் உண்டு. அழுகியதை எடுத்தால்தான் உயிர் நிற்கும். எடுத்த பிறகு மிஞ்சுவது சில சமயம் ஒரு ஸ்கூல் ஸ்கேல் நீளம்கூட இருக்காது. குடல் முழு நீளம் இருந்தும் வேலை செய்யாத அபூர்வமான பிறவிக் கோளாறுகளும் இருக்கின்றன. தசையும் நரம்பும் அசைய மறுக்கும், அல்லது உட்சுவரின் செல்கள் உறிஞ்ச மறுக்கும்.

எந்த வழியில் வந்தாலும் வரையறை ஒன்றுதான். மிஞ்சிய குடலால் உயிர் வாழவும் வளரவும் தேவையான சத்து, தண்ணீர், உப்புகளை உறிஞ்ச முடியவில்லை; ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தே தீர வேண்டும். அதுதான் குடல் செயலிழப்பு.

பெரியவர்களுக்கு இல்லாத ஓர் அதிர்ஷ்டம் குழந்தைகளுக்கு உண்டு. அவர்களின் குடல் இன்னும் வளரும். நீளும், அகலும், உட்சுவரின் மடிப்புகள் உயரும். கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கற்றுக்கொள்ளும். பெருங்குடல் மிஞ்சியிருந்தால் இன்னும் நல்லது. மாதக்கணக்கில், பல நேரம் வருடக்கணக்கில் காத்திருந்தால், நிறைய குழந்தைகள் ட்ரிப்ஸிலிருந்து விடுபட்டு வாயால் சாப்பிட்டே வாழும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் காத்திருப்புக் காலம் எப்படிக் கழிகிறது என்பது முக்கியம். குழந்தைப் பருவமே அந்தக் காத்திருப்பாக இருக்கலாம்.

ரத்தக்குழாய் வழியாகச் சாப்பாடு: வேலூர் வழியாக ஒரு குறிப்பு

1960களின் நடுப்பகுதி வரை இப்படிப்பட்ட குழந்தைக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் சில நாள் தாங்கும், வளராது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் சர்ஜன், பீகிள் நாய்க்குட்டிகளுக்கு ரத்தக்குழாய் வழியாக மட்டுமே முழுச் சத்தும் கொடுத்து வளர்த்துக் காட்டினார். அடுத்து, சிறுகுடல் கிட்டத்தட்ட இல்லாமலே பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு ஃபிலடெல்பியாவில் அதைச் செய்தார்கள். குழந்தை எடை கூடியது, தலை வளர்ந்தது. டக்ளஸ் வில்மோரும் டட்ரிக்கும் 1968ல் அதை வெளியிட்டார்கள். அந்தக் குழந்தை கடைசியில் பிழைக்கவில்லை. ஆனால் இப்படி வளர முடியும் என்பது அவளால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சரி. வீட்டில்? இதை வீட்டுக்குக் கொண்டுபோன முன்னோடிகளில் ஒருவர் குர்ஷீத் ஜீஜீபாய். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தவர். 1970ல் டொராண்டோவில், குடலை இழந்த ஓர் இளம் தாயை, ராத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு பகலில் குடும்பத்தோடு இருக்கும்படி வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு சுமார் 20 வருடங்கள் வாழ்ந்தார். 1973ல் சியாட்டிலில் ப்ரோவியாக் குழாய் வந்தது. நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சுரங்கம் மாதிரி ஓட்டி, இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாயில் நிறுத்தும் மெல்லிய சிலிகான் குழாய். மாதக்கணக்கில் கழற்றாமல் வைத்திருக்கலாம். இன்றும் குழந்தைகளின் நெஞ்சில் இருப்பது அதன் வாரிசுகள்தான்.

ஒரு ராத்திரி எப்படிப் போகும்?

வாழ்க்கைத்தரம் என்ற வார்த்தை கொஞ்சம் காற்றில் மிதக்கிற வார்த்தை. அதனால் ஒரு சாதாரண ராத்திரியை எடுத்துக்கொள்வோம்.

சத்து திரவம் ஒரு பெரிய பையில் வரும். சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள், வைட்டமின் எல்லாம் கலந்தது. மருந்தகத்தில் கலந்து வந்த பை என்றால் 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். சாயங்காலமே வெளியே எடுத்து வைத்தால்தான் ராத்திரிக்குள் குளிர் விடும். மேஜையைத் துடைக்க வேண்டும். ஃபேனை அணைக்க வேண்டும் (மே மாதச் சென்னையில் இதை யோசித்துப் பாருங்கள்). கையை நேரம் பார்த்துக் கழுவ வேண்டும். குழாயின் நுனியைக் கிருமிநாசினியால் அழுத்தித் தேய்த்து, காயும் வரை காத்திருந்து, பிறகுதான் இணைக்க வேண்டும். ஒரு விரல் தவறான இடத்தில் பட்டால் முதலில் இருந்து எல்லாம். பம்ப் ஓட ஆரம்பித்தால் 10 முதல் 14 மணி நேரம்.

குழந்தை தூங்கும். பெரியவர்கள் அரைத் தூக்கம். ராத்திரி முழுக்க உடம்புக்குள் திரவம் ஏறுவதால் குழந்தை திரும்பத் திரும்ப ஒன்றுக்குப் போகும். டயப்பர் நனையும், பெட்ஷீட் மாற்ற வேண்டும். வயிற்றில் ஸ்டோமா இருந்தால் பை நிரம்பிக் கசியும். குழாய் மடங்கினால் பம்ப் அலாரம் அடிக்கும். காற்றுக் குமிழி வந்தால் அடிக்கும். பேட்டரி குறைந்தாலும் அடிக்கும். விடிந்ததும் அதே சுத்தத்தோடு கழற்றி, குழாய்க்குள் மருந்து போட்டு மூட வேண்டும். அதுக்கு அப்புறம்தான் ஸ்கூல், டிபன், ஆபீஸ் எல்லாம்.

இது வாரத்துக்கு ஐந்து, ஆறு, ஏழு நாள். தீபாவளி லீவு கிடையாது.

இவ்வளவு சுத்தம் எதற்கு? அந்தக் குழாய் நேராக ரத்தத்துக்குள் திறக்கும் வாசல். ஒரு கிருமி உள்ளே போனால் சில மணி நேரத்தில் செப்சிஸ் ஆகலாம். அதனால் இந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சலில் தனி சட்டம்: 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், உடனே ஆஸ்பத்திரி. 'பாராசிட்டமால் கொடுத்துட்டுக் காலைல பார்க்கலாம்' என்ற நம்ம வழக்கம் இங்கே ஆபத்து. நடுராத்திரி இரண்டு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். போனால் ரத்தப் பரிசோதனை, ஆன்டிபயாடிக், சில நாள் அட்மிஷன். அடிக்கடி தொற்று வந்தால் அந்த ரத்தக்குழாயே அடைபட்டுப் போகும். உடம்பில் பெரிய ரத்தக்குழாய்கள் சிலதான். ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் குழாய் போட இடமே இருக்காது. பையை இணைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அம்மாவின் கை நடுங்குவது இந்தக் கணக்கு தெரிந்ததால்தான்.

சரி, அந்தக் குழந்தை சந்தோஷமா இருக்கா?

இந்தக் கேள்விக்குத்தான் ஆய்வுகள் ஆச்சரியமான பதில் வைத்திருக்கின்றன.

குழந்தைகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் கருவி, ஜேம்ஸ் வார்னி என்ற உளவியலாளர் உருவாக்கிய 'பெட்ஸ் கியூ.எல்' கேள்வித்தாள். மொத்தம் 23 கேள்விகள். ஓட முடிகிறதா, பயம் வருகிறதா, மற்ற பிள்ளைகள் சேர்த்துக்கொள்கிறார்களா, ஸ்கூலில் கவனிக்க முடிகிறதா என்று போகும். 5 வயதிலிருந்து குழந்தையே பதில் சொல்லலாம். பெற்றோருக்குத் தனியாக ஒரு தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாள்பட்ட நோய்கள் பலவற்றிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரியும். குழந்தை தனக்குப் போட்டுக்கொள்ளும் மார்க், பெற்றோர் அதற்குப் போடும் மார்க்கைவிட அதிகம்.

குடல் செயலிழப்பிலும் இதே சாயல் தெரிகிறது. வீட்டிலேயே ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளிடமும் அவர்கள் குடும்பத்திடமும் பிரான்சில் கேட்டு 2005ல் ஓர் ஆய்வு வெளியானது. பொதுவான திருப்தியில் அந்தக் குழந்தைகள் ஆரோக்கியமான குழந்தைகளிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. ஆஸ்பத்திரி, மருந்து சம்பந்தப்பட்ட கேள்விகளில்தான் முகம் சுளித்தார்கள். அது எந்தக் குழந்தையும் சுளிக்கிற இடம்தானே. உண்மையில் அடிவாங்கியிருந்தது பெற்றோரின் வாழ்க்கைத்தரம். அதிலும் குறிப்பாக அம்மாக்களுடையது.

இதை இரண்டு விதமாகத் தவறாகப் படிக்க முடியும். 'பார்த்தீங்களா, குழந்தைங்க நல்லாத்தான் இருக்காங்க, அம்மாக்கள்தான் ஓவரா கவலைப்படுறாங்க' என்பது ஒன்று. 'குழந்தைக்கு என்ன தெரியும், அது வேற வாழ்க்கையைப் பார்த்ததே இல்லையே' என்பது இன்னொன்று. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிறந்ததிலிருந்து நெஞ்சில் குழாயோடு இருக்கும் குழந்தைக்கு அதுதான் இயல்பு. ஒப்பிட அதனிடம் வேறு வாழ்க்கை கிடையாது. அம்மாவோ, நடந்திருக்க வேண்டிய இன்னொரு குழந்தைப் பருவத்தோடு ஒவ்வொரு நாளும் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். ஆனால் அதனால் குழந்தையின் பதில் பொய்யாகிவிடாது. தன் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று ஆறு வயதுப் பிள்ளை சொன்னால், அந்த வாழ்க்கையை வாழ்கிற ஆள் அதுதான். அது சொல்வதைத்தான் நான் முதலில் நம்புவேன்.

அம்மாவின் பதிலையும் நம்புவேன். ஏனென்றால் இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு பக்கங்கள். குழந்தைக்கு அந்த வாழ்க்கை சாதாரணமாகத் தெரிவதற்குக் காரணமே, ஒருவர் அதை சாதாரணமாக்க ராத்திரி பகலாக உழைப்பதுதான். ட்ரிப்ஸ் ராத்திரிக்கு நகர்ந்ததால் பகல் குழந்தைக்குக் கிடைத்தது. அந்த ராத்திரியை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

வயது ஏற ஏற

இந்த நல்ல மார்க் அப்படியே இருந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். குடல் செயலிழப்புள்ள குழந்தைகளைப் பற்றி சியாட்டிலில் இருந்து 2013ல் வந்த ஓர் ஆய்வில், ஸ்கூல் சேரும் வயதில் பெற்றோர் கொடுத்த மதிப்பெண் சரிந்தது தெரிந்தது. வீட்டுக்குள் இயல்பாக இருந்தது வகுப்பறையில் வித்தியாசமாகிவிடுகிறது.

ஸ்கூல் டாய்லெட்டில் தொடங்கலாம். குட்டைக் குடல் என்றால் ஒரு நாளைக்குப் பலமுறை வயிற்றால் போகும். அடக்க முடியாது. 'மிஸ், மே ஐ கோ' என்று கைதூக்கி அனுமதிக்குக் காத்திருக்கும் வகுப்பறை இந்தப் பிள்ளைக்குத் தினசரி அவமானம். அதோடு நம் பள்ளிகளில் பாதி டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

பி.டி. பீரியடில் குழாய் இழுபடும் பயம். நீச்சல் பெரும்பாலும் கிடையாது. பதின்ம வயதில் உடம்பைப் பற்றிய வெட்கம் சேரும். ஸ்டோமா பை உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். யூனிஃபார்முக்கு அடியில் மறைக்கலாம், பெஸ்ட் ஃபிரெண்டிடம் எப்படிச் சொல்வது? ஃபிரெண்ட் வீட்டில் ஒரு ராத்திரி தங்க முடியாது. எக்ஸ்கர்ஷன் போக முடியாது. மற்றப் பிள்ளைகள் மொபைல் கேட்டு அடம்பிடிக்கும் வயதில், 'ஒரு நாள் இணைக்காம விடும்மா' என்று இந்தப் பிள்ளைகள் அடம்பிடிக்கலாம்.

ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விசித்திரமான விஷயம் ஒன்று. பெருங்குடல் மிஞ்சியிருக்கும் சில குழந்தைகளுக்கு, உறிஞ்சப்படாத சர்க்கரையை அங்கிருக்கும் பாக்டீரியா நொதிக்கவைத்து 'டி-லாக்டேட்' என்ற அமிலத்தை உருவாக்கும். அது ரத்தத்தில் கூடினால் பேச்சு குழறும், நடை தள்ளாடும். பார்ப்பதற்குக் குடித்தவர் மாதிரி இருக்கும். மூன்றாம் வகுப்புப் பையன் உளறினால் 'என்னடா நடிக்கிறே' என்று திட்டு விழ வாய்ப்பு அதிகம். தேவை திட்டு இல்லை, டாக்டருக்கு ஒரு போன்.

சோறு என்ற பிரச்சினை

நம் ஊரில் அன்பைச் சோற்றால்தான் அளப்போம். 'சாப்பிட்டியா?'தான் நமக்கு வணக்கம். சாப்பாடே சிக்கலாக இருக்கும் குழந்தை இந்த ஊரில் எப்படி வளரும்?

பிறந்து பல மாதம் வாயில் எதுவும் வைக்காமல், மூக்கில் டியூபும் தொண்டையில் வென்டிலேட்டர் குழாயுமாக இருந்த குழந்தைக்கு, வாய் என்பது வலி வரும் இடம். ஸ்பூனைப் பார்த்தாலே திரும்பிக்கொள்ளும், ஓங்கரிக்கும். குடல் தேறிய பிறகும் இந்த வெறுப்பு வருடக்கணக்கில் நிற்கலாம். மென்று விழுங்கவே தெரபிஸ்ட் உதவியோடு கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான், உடம்பு அனுமதிக்கும் பட்சத்தில், சில சொட்டுத் தாய்ப்பாலாவது சீக்கிரமே வாய் வழியாகக் கொடுக்க டாக்டர்கள் முயல்கிறார்கள். குடல் வளரவும் அது தூண்டுதல், வாய் பழகவும் அதுதான் வழி.

வளர்ந்த பிறகு எதிர்ப் பிரச்சினை. ஆசைப்படும், ஆனால் எல்லாம் ஒத்துக்காது. ஜூஸ், கூல்டிரிங்க்ஸ், சர்க்கரை அதிகமுள்ள எதுவும் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும். வெறும் தண்ணீர் நிறையக் குடித்தால்கூட உப்பு வெளியேறலாம். பலருக்கு உப்பு கலந்த ஓ.ஆர்.எஸ். மாதிரி திரவம்தான் ஒத்துப்போகும். இது தெரியாமல் கல்யாண வீட்டில் பாசத்தோடு ஒரு பெரியம்மா ரோஸ்மில்க் கொடுத்துவிடுவார். கூடவே, எல்லார் முன்னாலும் அந்த வசனம்: "ஏம்மா, பையன் இப்படி இளைச்சுக் கெடக்கான், சோறு போடுறியா இல்லியா?" பதினான்கு மணி நேரம் பம்போடு போராடிவிட்டு வந்த ஒருத்தியிடம் இதைக் கேட்கிறோம்.

மருந்து, ஆபரேஷன்: வேகமாக ஒரு பார்வை

நிலைமை முன்னேறவே இல்லையா? நிறைய முன்னேறியிருக்கிறது. ரத்தக்குழாய் வழி உணவே கல்லீரலைக் கெடுத்து, அதனாலேயே பல குழந்தைகள் இறந்த காலம் ஒன்று இருந்தது. சோயா எண்ணெய் கொழுப்புக்குப் பதில் மீன் எண்ணெய் கொழுப்பைக் கொடுத்தால் மஞ்சள் காமாலை குறைவதை பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் கவனித்தார்கள். அந்த மருந்துக்கு 2018ல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அதே பாஸ்டனில் 2003ல் விவரித்த 'ஸ்டெப்' ஆபரேஷன், வீங்கி அகலமான குடலை ஜிக்ஜாக்காக வெட்டித் தைத்து நீளமாக்கும். குடலை வளரத் தூண்டும் டெடுக்ளூடைடு ஊசி 2019ல் அமெரிக்காவில் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் அனுமதிக்கப்பட்டது. தினமும் ஓர் ஊசி. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

எதுவும் கைகொடுக்காவிட்டால் குடல் மாற்று அறுவைசிகிச்சை. சென்னையிலேயே 2022ல் ரேலா மருத்துவமனையில் 4 வயதுச் சிறுவனுக்கு அப்பாவின் சிறுகுடலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. பெரிய விஷயம்தான். ஆனால் கிட்னி மாற்று போல இதை நினைத்துக்கொள்ளக் கூடாது. கிருமிகள் நிறைந்த உறுப்பு என்பதால் நிராகரிப்பும் தொற்றும் அதிகம். வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டும். அதனால்தான் ட்ரிப்ஸ் ஒழுங்காக ஓடும் குழந்தைக்கு இது முதல் தேர்வாக இருப்பதில்லை.

இந்த எல்லா முன்னேற்றத்தையும்விட உயிர்களை அதிகம் காப்பாற்றியது, கேட்க சுவாரஸ்யமே இல்லாத ஒரு விஷயம்: டீம். சர்ஜன், குடல் நிபுணர், டயட்டீஷியன், குழாய் பராமரிக்கும் நர்ஸ், மருந்தாளுநர், உளவியலாளர் எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே குழந்தையைப் பார்ப்பது.

நம் ஊரில்?

2020ல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக மதிப்பீடு. உலகிலேயே அதிகம். இவர்களில் மிகச் சிறு பகுதிக்குத்தான் குடல் பிரச்சினை வரும். ஆனால் பச்சிளங்குழந்தை ஐ.சி.யு.க்கள் பெருகி, முன்பு இறந்திருக்கக்கூடிய குழந்தைகள் பிழைக்கும்போது, குட்டைக் குடலோடு வாழ்பவர்களும் கூடவே பெருகுவார்கள். இது வெற்றியின் விளைவு. அதற்கு நாம் தயாராக இல்லை என்பதுதான் சிக்கல்.

பல மேலை நாடுகளில், வீட்டு ட்ரிப்ஸ் என்பது ஒரு ஏற்பாடு. பை வீட்டு வாசலுக்கு வரும், பம்ப் தருவார்கள், நர்ஸ் வந்து கற்றுக்கொடுப்பார், ராத்திரி கூப்பிட ஒரு நம்பர் இருக்கும். நோயாளிகளும் குடும்பங்களும் சேர்ந்த அமைப்புகளும் உண்டு. அமெரிக்காவின் ஓலி ஃபவுண்டேஷன் 1983லும், பிரிட்டனின் பின்ட் 1987லும் தொடங்கியவை. அங்கேயும் அம்மாக்கள் தூங்குவதில்லைதான். ஆனால் தனியாக முழித்திருப்பதில்லை.

இங்கே ஆஸ்பத்திரிக்குள் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. வீட்டில் என்பது சில பெரிய மையங்கள், சில வசதியான குடும்பங்களோடு நின்றுவிடுகிறது. ஒரு பைக்குச் சில ஆயிரம் ரூபாய். அதை முப்பதால் பெருக்கி, பிறகு பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். பணம் இருந்தாலும் கரன்ட் கட், ஃபிரிட்ஜ், சுத்தமான தண்ணீர், இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இந்தக் குழாயைத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குடல் செயலிழப்புக்குத் தனி இடம் கிடையாது. வெளியே பார்க்க 'நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும் குழந்தைக்குத் தேர்வில் கூடுதல் நேரம், டாய்லெட் அனுமதி, வருகைப்பதிவில் சலுகை எதையும் உரிமையாகக் கேட்க முடியாமல், ஒவ்வொரு வருடமும் புது ஹெட்மிஸ்ட்ரஸிடம் கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வாதம் வரும். ஒரு குழந்தைக்கு இவ்வளவு செலவு செய்வதற்குப் பதில் ஆயிரம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடலாமே? நியாயமான கேள்வி, ஏழை நாட்டின் நிஜமான கேள்வி. ஆனால் நாம் ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்துவிட்டோம். அந்தக் குழந்தையை ஐ.சி.யு.வில் வைத்து, ஆபரேஷன் செய்து, காப்பாற்றிவிட்டோம். லட்சங்களைச் செலவு செய்து உயிரை மீட்டுவிட்டு, அதற்குப் பிறகான வாழ்க்கையை ஒரு குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்துவிட்டு நகர்வது சிக்கனம் ஆகாது. தொற்று வந்து திரும்பத் திரும்ப ஐ.சி.யு.வுக்கு வரும் குழந்தைக்கு ஆகும் செலவு, வீட்டுக்கு ஒரு பயிற்சி பெற்ற நர்ஸை அனுப்புவதைவிடக் குறைவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் படி பெரிய திட்டமாக இருக்க வேண்டியதில்லை. மாநிலத்தில் இரண்டு மூன்று அரசு மருத்துவமனைகளை இதற்கான மையங்களாக அறிவித்து, அங்கே மேலே சொன்ன டீமை உட்காரவைக்கலாம். எத்தனை குழந்தைகள் இப்படி இருக்கிறார்கள் என்று ஒரு பதிவேடு தொடங்கலாம். ட்ரிப்ஸ் பையும் கிருமிநாசினியும் காப்பீட்டில் 'உள்நோயாளி'க்கு மட்டும் என்ற சுவரைத் தாண்ட வேண்டும். டயாலிசிஸ் ஒரு காலத்தில் பணக்காரர்களின் சிகிச்சையாகத்தான் இருந்தது. இன்று தாலுகா அளவுக்கு வந்திருக்கிறது.

இதைப் படிக்கும் நீங்கள் ஐ.டி.யிலோ வங்கியிலோ இருக்கலாம். உங்கள் டீமில் அடிக்கடி லீவு போடும், மீட்டிங்கில் கண் சொருகும் ஒருவர் இப்படி ஒரு வீட்டிலிருந்து வரலாம். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்புக்காகப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் நோயுற்ற குழந்தைக்காக அப்படி ஒரு சட்டப்படியான விடுப்பு இல்லை. அதனால் பெரும்பாலும் அம்மாதான் வேலையை விடுகிறார். அந்த ராஜினாமாக் கடிதத்தில் 'பர்சனல் ரீசன்ஸ்' என்று இருக்கும். ஹெச்.ஆர். பாலிசி எழுதும் இடத்தில் நீங்கள் இருந்தால், இந்தச் சம்பளப் பட்டியலில் இல்லாத நைட் ஷிஃப்டைப் பற்றி அங்கே பேசலாம்.

டாக்டர்களிடம் கேட்க ஒன்றுதான். ரிவ்யூ என்றால் எடை, உயரம், பிலிருபின், குழாயின் நிலை எல்லாம் குறித்துக்கொள்கிறீர்கள். அந்த 23 கேள்விகளைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். பிள்ளைக்கு 5 வயது ஆகிவிட்டால், தாளை அதனிடமே கொடுங்கள். இன்னொரு தாளை அம்மாவிடம் கொடுத்து, நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.